இரண்டு நொடி வன்னி: குற்றத் திரில்லர் முன்னோட்டங்களும் வகைமை மரபுகளும்

1. கேள்வி

'தி ஃபேமிலி மேன்' தொடரின் இரண்டாம் பருவத்துக்கான முன்னோட்டம் 2021 மே 19 அன்று வெளியானது. அதற்கு முதல் நாள் மே 18. இலங்கையில் போர் முடிந்து 12 ஆண்டுகள் நிறைந்த நாள். அந்த மாதம் 12ஆம் தேதி இரவுதான் முள்ளிவாய்க்கால் நினைவிடத்தின் சின்னம் சேதமாக்கப்பட்டிருந்தது. முன்னோட்டத்தை வெளியிட்டவர்கள் இதையெல்லாம் எண்ணிப் பார்த்தார்கள் என்று கொள்ள ஆதாரம் இல்லை. ஜூன் 4 அன்று தொடர் வரப்போகிறது. இரண்டு கிழமை முன்னதாக ட்ரெய்லரை விடுவது தொழில் வழக்கம். ஆனாலும் அந்தப் போர் முடிந்த வன்னியில் அது போய்ச் சேர்ந்தது அந்தக் கிழமையில்தான்.

மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும் அந்தத் துண்டைப் பார்த்துவிட்டு தமிழ்நாட்டு அரசியல் தலைவர் வைகோ மத்திய அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். சீமான் எதிர்ப்புத் தெரிவித்தார். தமிழ்நாட்டு அரசின் சார்பில் அமைச்சர் மனோ தங்கராஜ் தொடரைத் தடுக்கக் கோரி அதே மத்திய அமைச்சரான பிரகாஷ் ஜவடேக்கருக்கு எழுதினார். தொடரின் ஓர் அத்தியாயத்தைக்கூட அப்போது பொதுமக்கள் எவரும் பார்த்திருக்கவில்லை.

குற்றத் திரில்லரின் முன்னோட்டம் தன் வகைமையின் மரபுகளை எப்படிக் கையாள்கிறது, அந்த மரபுகளுக்குள் வன்னியின் போர் எடுத்துப் போடப்படும்போது என்ன நடக்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. முன்னோட்டம் பொய் சொல்கிறது, படத்தில் இல்லாததைக் காட்டுகிறது என்பதுதான் வழக்கமான முறைப்பாடு. அது பாதி உண்மை. முன்னோட்டம் சொல்வது மிகக் குறைவு. பார்ப்பவர் ஏற்கெனவே அறிந்திருப்பதைக் கொண்டு மீதியை அவரையே நிரப்ப வைப்பதுதான் அதன் தொழில்நுட்பம். அதனால்தான் ஒரே காட்சித் துண்டு மும்பையில் ஒரு வகைமையின் அடையாளமாகவும், கிளிநொச்சியில் ஒரு குற்றச்சாட்டாகவும் போய் நிற்கிறது.

2. இதுவரை சொல்லப்பட்டவை

முன்னோட்டங்களைத் தனிப் பனுவலாக வைத்து ஆராய்ந்தவர்களுள் முக்கியமானவர் லிசா கெர்னன். அமெரிக்க முன்னோட்டங்களைப் பற்றிய அவரது நூல் 2004இல் வெளிவந்தது. முன்னோட்டம் மூன்று வழிகளில் பார்வையாளரை அழைக்கிறது என்பது அவரது வகைப்பாடு: வகைமையைக் காட்டி, கதையைக் காட்டி, நட்சத்திரத்தைக் காட்டி. தமிழில் மூன்றாவதே நீண்ட காலம் மற்ற இரண்டையும் விழுங்கியிருந்தது. ரஜினி படத்தின் முன்னோட்டத்தில் அது என்ன வகைப் படம் என்று எவரும் தேடுவதில்லை.

ரிக் ஓல்ட்மன் 1984இல் முன்வைத்த வேறுபாடு இங்கே கூடுதலாகப் பயன்படும். ஒரு வகைமையில் தனித்தனிக் கூறுகள் இருக்கின்றன: துப்பாக்கி, மழை இரவு, பொலிஸ் நிலையம், பிணவறை. அவற்றுக்கு இடையிலான உறவு முறையும் இருக்கிறது: யார் யாரைத் தேடுகிறார், எந்த ஒழுங்கு குலைந்து எது மீள்கிறது. முழுப்படத்துக்கு இரண்டுக்கும் நேரம் உண்டு. முன்னோட்டத்துக்குக் கூறுகளை அடுக்க மட்டுமே நேரம் போதும். உறவு முறையைப் பார்ப்பவரே பழைய படங்களின் நினைவிலிருந்து கொண்டுவந்து பொருத்திக்கொள்கிறார்.

இந்த விளக்கங்கள் எல்லாம் ஹொலிவூட்டை வைத்து எழுதப்பட்டவை. தமிழுக்கு இதற்கு ஒரு தனி முன்வரலாறு உண்டு. திரையரங்கு வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களின் முதல் பக்கத்தில் கதைச்சுருக்கம் இருக்கும். நாயகன் சிறைக்குப் போனானா, நாயகி உயிரோடு இருக்கிறாளா என்ற இடத்தில் அது அறுந்து, மிகுதியை வெள்ளித்திரையில் காணுமாறு சொல்லும். அறுக்கும் இடத்தைத் தெரிவுசெய்யும் கலை அங்கேயே பழகிவிட்டது. யாழ்ப்பாணத்து வின்சர், மனோகரா, ராஜா வாசல்களில் அந்தப் புத்தகங்களை வாங்கிச் சேர்த்த தலைமுறைக்கு ட்ரெய்லர் என்பது புதிதாக ஒன்றைக் கற்பிக்கவில்லை.

கார்த்திகேசு சிவத்தம்பி தமிழ்ச் சினிமா பற்றி எழுதியபோது, எல்லாச் சாதித் தமிழரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் அரங்கு திரையரங்கே என்று வாதிட்டார். முன்னோட்டம் அந்தக் கூரையை விட்டு வெளியேறிவிட்டது. திரையரங்கில் அது பக்கத்து இருக்கைக்காரர்களோடு சேர்ந்து பார்க்கப்பட்டது. எங்கே சிரிப்பது, எங்கே விசிலடிப்பது என்று கூட்டம் தீர்மானித்தது. இப்போது கைத்தொலைபேசியில் ஒவ்வொருவரும் தனியே பார்க்கிறார்கள், நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்கள். ஒரு நொடிக் காட்சியை உறையவைத்துச் சீருடையின் கோடுகளை எண்ணும் பார்வையாளர் 1980களின் முன்னோட்டத்துக்குக் கிடையாது. இந்த மாற்றத்துக்கு ஆய்வுகள் போதிய இடம் கொடுத்ததாகத் தெரியவில்லை.

3. தமிழ்க் குற்றத் திரில்லரின் சைகைகள்

தமிழ்க் குற்றப்படம் 1954இல் எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' வந்த நாளிலிருந்தே பாட்டை விட்டுவிடத் துணிந்த வகைமை. 'சிகப்பு ரோஜாக்கள்' (1978), 'மூடுபனி' (1980), 'நூறாவது நாள்' (1984), 'ஊமை விழிகள்' (1986) என்று அது கொலைகாரனின் மனத்தையும் தடயத்தையும் மாறிமாறிப் பிடித்தது. 2016இன் 'துருவங்கள் பதினாறு', 2018இன் 'ராட்சசன்', 2023இன் 'போர் தொழில்' ஆகியவற்றுக்குப் பிறகு சைகைகள் ஏறத்தாழ உறுதிப்பட்டுவிட்டன: களைத்த மூத்த அதிகாரி, நடுங்கும் புதியவர், சுவரில் ஒட்டிய புகைப்படங்கள், தலைக்கு மேலிருந்து ட்ரோன் காட்டும் காட்டுப்பாதை, சிதைக்கப்பட்ட ஒரு பொருள்.

இவற்றை வைத்து நல்ல முன்னோட்டம் செய்யும் வேலை கொஞ்சம் தந்திரமானது. அது மரபைக் காட்டி நம்பவைத்துவிட்டு, மரபின் ஓர் இடத்தை மட்டும் காலியாக விடுகிறது. நித்திலன் சாமிநாதனின் 'மகாராஜா' (2024) இதற்கு மிகத் தெளிவான சான்று. முடிதிருத்தும் தொழிலாளி ஒருவர் பொலிஸ் நிலையத்துக்குப் போய் லட்சுமியைக் காணவில்லை என்கிறார். லட்சுமி யார் என்ற கேள்வியை முன்னோட்டம் திறந்தே வைக்கிறது. காணாமற்போன பெண், தேடும் ஆண், அலட்சியப் பொலிஸ் என்ற மரபைப் பார்ப்பவர் தாமே கட்டிக்கொள்கிறார். படத்தில் லட்சுமி ஒரு குப்பைத் தொட்டி. முன்னோட்டம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. மரபை நம்பியவர்தான் ஏமாறுகிறார், மகிழ்ச்சியோடு.

இந்த உத்தியின் மூதாதை 1960இல் ஹிட்ச்கொக் 'சைக்கோ'வுக்குச் செய்த ஆறு நிமிடத்துக்கும் மேலான முன்னோட்டம். படத்தின் காட்சிகளைத் தொகுப்பதற்குப் பதிலாக அவரே வழிகாட்டியைப்போல விடுதியையும் வீட்டையும் சுற்றிக் காட்டுகிறார். வாக்கியங்களைப் பாதியில் விழுங்குகிறார். கடைசியில் குளியலறைத் திரையை இழுக்கிறார். அங்கே அலறுவது படத்தில் அந்த இடத்தில் கொல்லப்படும் ஜேனட் லீ அல்ல, வீரா மைல்ஸ். அந்த நொடியில் முகம் முக்கியமில்லை, அலறல் மட்டுமே வேண்டும் என்று ஹிட்ச்கொக்குக்குத் தெரிந்திருந்தது. யாருடைய முகம் என்பதைவிட எந்த வகைச் சைகை என்பதே முன்னோட்டத்துக்கு முதன்மை. இதை மனத்தில் இருத்திக்கொண்டு வன்னிக்கு வரலாம்.

4. ஆனையிறவு தலைப்பாகும்போது

யாழ்ப்பாணக் குடாநாட்டையும் பெருநிலப்பரப்பையும் பிணைக்கும் ஒடுங்கிய தரைவழி ஆனையிறவு. 1991 ஜூலையில் அங்கே நடந்த பெருஞ்சமரில் புலிகள் முகாமைக் கைப்பற்ற முடியவில்லை. 2000 ஏப்ரல் 22இல் முகாம் வீழ்ந்தது. 2009 ஜனவரியில் இராணுவம் அதை மீளப் பிடித்தது. இன்று ஏ-9 வீதியால் போகிறவர் காண்பது, 1991இல் இரும்புக் கவசமிட்ட புல்டோசரில் பாய்ந்தேறி இறந்த காமினி குலரத்னவின் நினைவிடமும், தீவைத் தாங்கும் கைகளின் சின்னமும். மூன்று நிகழ்வுகளுள் ஒன்று நாயகக் காட்சியாக நிலைத்துவிட்டது, 2000 காணாமற்போயிற்று. மூன்று நிமிடத் துண்டுகளை வெட்டி ஒட்டுபவர்கள் மட்டுமே வரலாற்றை இப்படித் தெரிவுசெய்கிறார்கள் என்று சொல்லிவிட முடியாது.

இந்த இடத்தின் பெயரைத் திரில்லர் ஒன்று தன் அட்டையிலேயே ஏற்றிக்கொண்டது. நிஹால் டி சில்வா ஆங்கிலத்தில் எழுதிய 'த ரோட் ஃப்ரொம் எலிஃபண்ட் பாஸ்' 2003ஆம் ஆண்டுக்கான கிரேஷியன் பரிசைப் பெற்றது. சந்திரன் இரத்தினம் அதைச் சிங்களத்தில் 'அலிமங்கட' என்ற பெயரில் படமாக்கினார். இராணுவக் கப்டன் வசந்த ரத்நாயக்கவும், தகவல் தருவதாகச் சொல்லி வரும் போராளி கமலா வேலாயுதனும் ஆனையிறவிலிருந்து வில்பத்துக் காட்டின் வழியே தெற்கே போகும் கதை. எதிரிகளாகத் தொடங்கும் ஆணும் பெண்ணும் ஒரே பாதையில் தப்பிப் போவது, அவள் சொல்வது உண்மையா என்று கடைசிவரை அவன் ஐயுறுவது எல்லாம் உளவுத் திரில்லரின் பழைய கட்டமைப்பு. நிஹால் டி சில்வா 2006 மே மாதம் அதே வில்பத்துக் காட்டில் கண்ணிவெடியில் சிக்கி இறந்தார்.

நாவலுக்கும் படத்துக்கும் ஆனையிறவு ஒரு புறப்படும் புள்ளி மட்டுமே. ஆபத்து, எல்லை, இரகசியம் ஆகிய மூன்றையும் விளக்கமின்றிச் சொல்லும் பெயர் அது. உப்பளம், கண்டாவளைப் பக்கத்து வயல், பரந்தன் சந்தி எதற்கும் தலைப்பில் இடமில்லை. இதைக் குறையென்று சொல்லிவிட முடியாது. திரில்லர் எந்த ஊரையும் இப்படித்தான் கையாளும். பெர்லினுக்கும் ஹொங்கொங்குக்கும் இதே கதிதான். ஆனால் பெர்லினுக்கு வேறு ஆயிரம் படங்கள் உண்டு. உலகத் திரையில் வன்னிக்கு விரல்விட்டு எண்ணத்தக்கவையே உண்டு என்பதால், வகைமையின் சைகையே இடத்தின் முழு முகமாகிவிடுகிறது.

கமலாவைக் கவனிக்க வேண்டியதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. சந்தோஷ் சிவனின் 'தி டெரரிஸ்ட்' படத்து மல்லி, கமலா, 2021இல் 'தி ஃபேமிலி மேன்' தொடரின் ராஜி என்று பெண் போராளி திரும்பத்திரும்ப வருகிறாள். குற்றப்படத்தில் அவளுக்கென ஓர் இருக்கை ஏற்கெனவே இருந்தது: நம்பமுடியாத, கவர்ச்சியான, கையில் ஆயுதம் வைத்திருக்கும் பெண். அமெரிக்க இருள்படங்களில் சிகரெட்டும் உயர்குதி காலணியுமாக வந்தவளுக்கு இங்கே சீருடை மாட்டப்பட்டது. மல்லியிடம் மட்டும் அந்த மரபு பிடிகொடுக்கவில்லை. கமெரா அவளுடைய மூச்சோடு அவ்வளவு நெருங்கி நிற்கும்போது பார்ப்பவர் அவளுக்கு அஞ்ச முடிவதில்லை.

5. 'ஓரிரு காட்சிகள்'

ஷூஜித் சர்காரின் 'மெட்ராஸ் கஃபே' 2013 ஆகஸ்ட் 23இல் வெளியானது. அதன் முன்னோட்டம் ஜூலையில் வந்தது. ஜோன் ஆபிரகாம் நடித்த உளவு அதிகாரி விக்ரம் சிங்கின் கண்வழியே ஒரு முன்னாள் பிரதமரின் கொலைக்கான சதி அவிழும் கதை. 1991 மே 21 ஸ்ரீபெரும்புதூர் என்று எவரும் சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது. எதிர்ப்பு மூண்டது, தமிழ்நாட்டுத் திரையரங்குகள் படத்தைத் திரையிடவில்லை. எட்டு ஆண்டு கழித்து ராஜ், டீகே இயக்கிய 'தி ஃபேமிலி மேன்' அதே வட்டத்தைத் திரும்பச் சுற்றியது. ஒரு சிறிய தற்செயல்: முதற்படத்தின் இயக்கத் தலைவர் பெயர் அண்ணா பாஸ்கரன்; தொடரின் தலைவர் பெயரும் பாஸ்கரன். உண்மைப் பெயரைத் தவிர்க்கும் மரபுகூட ஒரே பெயரிடம் போய் நின்றிருக்கிறது.

2021 முன்னோட்டத்தின் கட்டுமானம் நேர்த்தியானது. வேலையை விட்டு அலுவலக ஊழியராகிப்போன உளவாளி, பிளவுபடும் குடும்பம், நகைச்சுவை. பிறகு தொனி இறங்கி, சமந்தா நடித்த ராஜி வருகிறாள். பேச்சைக் குறைத்து உடலாலேயே அச்சமூட்டுகிறாள். வைகோவின் கடிதம் குறிப்பிட்டது இதைத்தான்: தமிழர் பயங்கரவாதிகளாகவும் பாகிஸ்தான் உளவமைப்போடு தொடர்புடையவர்களாகவும் காட்டப்படுகிறார்கள். சமந்தாவின் நிறத்தைக் கறுப்பாக்கியிருந்ததும் விமர்சிக்கப்பட்டது.

இயக்குநர்கள் தந்த விளக்கத்தின் சாரம் இது: முன்னோட்டத்தின் ஓரிரு காட்சிகளை மட்டும் வைத்து முடிவுகள் எடுக்கப்படுகின்றன; நடிகர்களிலும் எழுத்துக் குழுவிலும் பலர் தமிழர்கள்; தமிழர் உணர்வுகளை நன்கறிவோம்; தொடரைப் பார்த்தபின் பேசுங்கள்.

இந்த விளக்கத்தை இரண்டு பக்கமும் வைத்து எடைபோட வேண்டும். ஒன்பது அத்தியாயங்களையும் பார்த்தவர்களுக்கு, முன்னோட்டத்தின் ராஜியும் தொடரின் ராஜியும் ஒன்றல்ல என்பது தெரியும். தொழிற்சாலையில் ஒடுக்கப்படும் தொழிலாளி, போரில் குடும்பத்தை இழந்தவள், உடல்மீது நடந்த வன்முறையைச் சுமப்பவள் என்று தொடர் அவளுக்கு ஒரு கடந்த காலத்தைத் தருகிறது. பெருமளவு உரையாடல் தமிழிலேயே நடக்கிறது. இந்தித் தொடர் ஒன்றுக்கு அது அபூர்வம். எதிர்த்தவர்களுள் சிலர் இதைக் கணக்கிலெடுக்கவே இல்லை. அதேவேளை பாகிஸ்தான் உளவமைப்பான ஐ.எஸ்.ஐ.யோடு கூட்டு என்ற கதைமுடிச்சு முன்னோட்டம் உண்டாக்கிய மாயம் இல்லை. தொடரின் முதுகெலும்பே அதுதான். வைகோ முன்னோட்டத்தை வைத்து ஊகித்தது இந்த இடத்தில் தவறவில்லை.

'ஓரிரு காட்சிகள்தானே' என்ற வாதத்தின் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. முன்னோட்டத்தில் எல்லாமே ஓரிரு காட்சிகள்தான். எந்த இரண்டு நொடி போகவேண்டும் என்று தொகுப்பாளர் தெரிவுசெய்யும்போது, அது முழுமைக்குப் பதிலாக நிற்கும் என்பதே அந்தத் தெரிவின் நோக்கம். ராஜியின் கடந்த காலம் முன்னோட்டத்துக்குள் வரவில்லை. வந்திருந்தால் அவள் அச்சமூட்ட மாட்டாள், திரில்லர் தளர்ந்துவிடும். வகைமை கேட்டது அச்சத்தை. அதற்காகத் தேர்ந்த சைகையை மரபு என்று வாசிக்கும்படி, அதே உடையில் தங்கை ஒருத்தியைப் பறிகொடுத்த வீட்டிடம் கேட்க முடியாது. போருக்குப் பின் 11,000க்கு மேற்பட்ட முன்னாள் போராளிகளைப் புனர்வாழ்வு நிலையங்களில் வைத்து விடுவித்ததாக அரசாங்கமே சொல்கிறது. அவர்களுள் பெண்களும் உண்டு. தையல் மெசினோடும் கோழிக்கூட்டோடும் ஊரில் வாழ்கிறவர்கள், தம்மை எவரும் திரும்பிப் பார்க்காதிருப்பதே நிம்மதி என்று இருப்பவர்கள். முன்னோட்டத்தின் ராஜி சாதாரண வேலைக்காரப் பெண் வேடத்தில் மறைந்திருக்கும் ஆபத்து. இந்தப் பெண்களின் காதில் அந்த மரபு எப்படி ஒலிக்கும் என்பதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை.

6. மறைக்கும் முன்னோட்டம்

அதே 2021இல், ஜூன் 1 அன்று, கார்த்திக் சுப்புராஜின் 'ஜகமே தந்திரம்' முன்னோட்டம் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. இரண்டு கிழமைக்குள் இரண்டாவது. இது நேர் எதிர் வழியில் போனது. மதுரை ரௌடி சுருளி இலண்டன் போய் வெள்ளைக்கார தாதாவுக்கு வேலை செய்கிறான். தனுஷின் சிரிப்பு, துப்பாக்கி, பரோட்டா, சந்தோஷ் நாராயணன் இசை. படம் உண்மையில் எதைப் பற்றியதோ அந்த ஈழ அகதிகளின் கதை விளிம்பில் மட்டுமே தெரிகிறது. கெர்னனின் சொற்களில் சொன்னால், நட்சத்திரமும் வகைமையும் முன்னே வந்து கதையைப் பின்னே தள்ளிவிட்டன.

முதலாவது ஈழத்தைக் காட்டி அச்சுறுத்தியது. இரண்டாவது ஈழத்தை மறைத்து மகிழ்வித்தது. படம் வெளியானபோது விமர்சகர்களுள் பலர் குறைப்பட்டது, பாதிக்குப் பின் படம் தொனி மாறிவிட்டது என்றுதான். தொனி மாறியதாக அவர்கள் உணர்ந்ததற்கு முன்னோட்டமும் ஒரு காரணம். தாதாப் படத்தை எதிர்பார்க்கவைத்துவிட்டு அகதிச் சட்டம் பற்றிப் பேசினால் பார்வையாளர் அதைக் கதையாகக் கொள்வதில்லை, இடைஞ்சலாகக் கொள்கிறார். ஷோபாசக்தி நடித்து 2015இல் கான் விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்ற ஜாக் ஓடியாரின் 'தீபன்' இதன் மறுபக்கம். அகதிக் குடும்பத்தின் கதையாகப் போய், கடைசியில் துப்பாக்கிச் சண்டையாக வெடித்ததை அங்கே பலர் பொறுக்கவில்லை. முன்னாள் போராளி திரையில் வந்தால் எங்காவது சுட்டே ஆகவேண்டும் என்பது வகைமை விதிக்கும் கடன் போலும்.

லெனின் எம். சிவம் கனடாவில் எடுத்து 2013இல் ஷாங்காய் விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போன 'எ கன் அண்ட் எ ரிங்' இந்தக் கடனைக் கொஞ்சம் புத்திசாலித்தனமாகத் தீர்த்தது. தலைப்பிலேயே துப்பாக்கியை வைத்தது. அதன் பக்கத்தில் ஒரு மோதிரத்தையும் வைத்தது. குற்றப்படத்துக்கு வந்தவர்கள் புலம்பெயர் குடும்பங்களின் ஆறாத காயங்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். திரில்லரின் சைகையை வாசற்படியாக மட்டும் பயன்படுத்தலாம் என்பதற்குத் தமிழில் உள்ள நல்ல உதாரணம் இது.

7. ஓசை

காட்சியைப் பற்றியே இவ்வளவும். முன்னோட்டத்தின் பாதி வேலையை ஓசை செய்கிறது. 2010இல் 'இன்செப்ஷன்' வந்தபின் அடிவயிற்றை அதிரவைக்கும் நீண்ட ஊதொலி உலகெங்கும் திரில்லர் முன்னோட்டங்களின் பொதுச்சொத்தாயிற்று. இன்னொரு மரபு மௌனம்: எல்லா ஓசையும் ஒரு நொடி அறுந்து, திரை கறுத்து, பின் வெடிக்கும். பதற்றத்தை உண்டாக்க இதைவிட மலிவான வழி இல்லை. தமிழ்த் தொகுப்பாளர்கள் இதை அளவுக்கு மிஞ்சி உபயோகிக்கிறார்கள் என்பதும் உண்மை.

ஷெல் புறப்படும் ஓசைக்கும் விழும் ஓசைக்கும் இடைப்பட்ட மௌனத்தைப் பதுங்குகுழிக்குள் இருந்து அளந்தவர்களுக்கு அந்த ஒரு நொடியின் பொருள் வேறு. கிபிர் போர்விமானத்தின் இரைச்சலை அறிந்தவர்களுக்கு ஊதொலியும் வேறு. வகைமை மரபு எல்லோருக்கும் பொதுவானது என்று எழுதும் கோட்பாடுகள் பார்வையாளரின் கண்ணைக் கணக்கிலெடுத்த அளவுக்குச் செவியை எடுக்கவில்லை. வன்னியில் திரைப்படம் பார்ப்போரிடையே இதைப் பற்றிய கள ஆய்வு ஒன்று செய்யப்படுமானால், முன்னோட்ட ஆய்வுக்கே அது புதிதாக எதையாவது கொடுக்கும்.

8. ஒரே தலைப்பு, இரண்டு படங்கள்

ஈழத்து இயக்குநர் மதிசுதா இறுதிப்போர்க் காலத்துப் பதுங்குகுழி வாழ்வை ஐஃபோனில் படமாக்கினார். மக்களிடமிருந்து திரட்டிய பணத்தில் எடுத்த படம். பெயர் 'வெந்து தணிந்தது காடு'. பாரதியின் வரியைத் தலைப்பாக்கிய இன்னொரு படத்தைக் கௌதம் வாசுதேவ் மேனன் 2021 ஆகஸ்டில் அறிவித்தார். சிலம்பரசன் நடித்தது, கிராமத்து இளைஞன் மும்பையில் தாதாவாகும் கதை. 2022 செப்டெம்பர் 15 அன்று அது வெளியானது. அதன் முன்னோட்டம் தமிழ்க் குற்றப்படத்தின் எல்லா மரபுகளையும் தெரிந்து, ஏ.ஆர். ரஹ்மானின் இசையோடு, திறமையாகத் தொகுக்கப்பட்டது.

மதிசுதாவின் படத்தில் தேடும் அதிகாரி இல்லை, சதி இல்லை, அவிழ்க்க மர்மம் இல்லை. யார் குண்டு போடுகிறார்கள் என்பது குழிக்குள் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். வகைமையின் சைகை ஒன்றுகூட இல்லாத படத்துக்கு முன்னோட்டம் வெட்டுவது எப்படி என்பது தொகுப்பாளருக்கு உண்மையான சிக்கல். பார்ப்பவர் எந்தப் பழைய படத்தின் நினைவைக் கொண்டு அதை நிரப்புவார்? இப்போதைக்கு அந்தத் தலைப்பை யூடியூப்பில் தட்டினால் முதலில் வந்து நிற்பது சிலம்பரசன்தான்.